யாரும் வாசிக்காத பக்கம்: ஐரிஷ் மொழிக்குள் இயந்திர மொழிபெயர்ப்பு தடுக்கி விழும் இடம்

2014 நவம்பரில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டு நிகழ்ச்சிகளை அயர்லாந்து அரசு அறிவித்தது. அறிவித்த இடம் டப்ளின் ஓ'கானல் தெருவிலுள்ள தலைமை அஞ்சலகம். கிளர்ச்சியாளர்கள் கைப்பற்றித் தலைமையகமாக வைத்திருந்த அதே கட்டடம். பிரதமர் எண்டா கென்னி வந்திருந்தார். ஒரு காணொளி வெளியானது, ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. காணொளியில் எலிசபெத் ராணி இருக்கிறார், பாடகர் போனோ இருக்கிறார், சுட்டுக் கொல்லப்பட்ட எழுச்சித் தலைவர்களைத்தான் காணோம் என்று ஒரு சண்டை கிளம்பியது. அது தனிக்கதை. நமக்கு வேண்டியது இணையதளம்.

அந்தத் தளத்துக்கு ஆங்கில முகமும் உண்டு, ஐரிஷ் முகமும் உண்டு. ஐரிஷ் பக்கங்களைத் திறந்து படித்தவர்களுக்குச் சொற்கள் தெரிந்தன, பொருள் பிடிபடவில்லை. ஆங்கில உரையைக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு, வந்ததை எடுத்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். செய்தித்தாள்கள் எழுதின, கேலி பறந்தது, பக்கங்கள் மாற்றப்பட்டன. சம்பவம் என்ற அளவில் அவ்வளவுதான். ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது. இங்கே தவறியது இயந்திரம் மட்டுமல்ல. எழுதியவர், ஏற்றியவர், அனுமதி கொடுத்தவர், மேடையில் திறந்துவைத்தவர் என்று நீண்ட வரிசையில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தை ஒரு வாசகராக உட்கார்ந்து படிக்கவில்லை.

ஏன் இவ்வளவு வலித்தது

1916 எழுச்சியை மொழி இயக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. டக்ளஸ் ஹைட் முதலானோர் 1893-இல் தொடங்கிய கேலிக் லீக் ஐரிஷ் மொழியை மீட்பதற்காகவே பிறந்த அமைப்பு. அஞ்சலகத்தின் வாசலில் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்த பேட்ரிக் பியர்ஸ் அந்த லீக்கின் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். ஐரிஷும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிக் கல்விக்கென்று 1908-இல் சொந்தமாகப் பள்ளி நடத்தத் தொடங்கியவர். அவருடைய நினைவுக்கு எடுக்கும் விழாவின் முகப்பிலேயே இப்படி.

அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களையும் பார்க்க வேண்டும். 2013 டிசம்பரில் மொழி ஆணையர் ஷான் ஓ குர்ரான் பதவி விலகப் போவதாக அறிவித்தார். அரசு அலுவலகங்களில் ஐரிஷுக்கு இடம் கேட்கும் மொழிச் சட்டத்தை நடைமுறைப்படுத்த அரசுக்கு மனமில்லை என்பது அவர் சொன்ன காரணம். 2014 பிப்ரவரியில் மொழி உரிமை கேட்டு ஆயிரக்கணக்கானோர் சிவப்பு உடை அணிந்து டப்ளின் தெருக்களில் பேரணி போனார்கள். ஜூலையில் அமைச்சரவை மாறியது. கலை, பாரம்பரியம் மற்றும் கேல்டாக்ட் துறைக்கு ஹெதர் ஹம்ஃப்ரீஸ் அமைச்சரானார். கேல்டாக்ட் என்பது ஐரிஷ் பேசும் வட்டாரங்களுக்கான பெயர். அந்த வட்டாரங்களுக்கென்று நியமிக்கப்பட்ட இணை அமைச்சர் ஜோ மெக்யூ. இருவருக்கும் ஐரிஷ் சரளமில்லை என்று அப்போதே பெரிய சர்ச்சை. (மெக்யூவுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும்: மனிதர் டோனிகால் மாவட்டத்துக் கோடைப் பள்ளியில் போய் உட்கார்ந்து மொழியைக் கற்றுக்கொண்டார், பின்னாளில் அதில் தாராளமாகப் பேசவும் செய்தார்.) நவம்பரில் வந்த இணையதளம் இந்த வரிசையின் கடைசிக் கண்ணி. ஐரிஷ்காரர்கள் அதைத் தொழில்நுட்பக் கோளாறாகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

ஐரிஷ் தெரிந்த ஆள் கிடைக்காத நாடு ஒன்றுமில்லை அது. பள்ளியில் எல்லோரும் படித்தாக வேண்டிய பாடம் அது, ஒரு சில விலக்குகள் தவிர. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 18,73,997 பேர் தங்களுக்கு ஐரிஷ் பேச வரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மக்கள்தொகையில் 40 சதவீதம். ஆனால் பள்ளி வாசலுக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் அந்த இணையதளம் விழுந்தது. டப்ளின் அலுவலகம் ஒன்றில் பத்துப் பேர் இருந்தால் நால்வருக்கு ஐரிஷ் 'தெரியும்'. ஒரு பக்கத்தை ஏற்றும்முன் அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு அது யாருக்கும் அன்றாட மொழியாக இல்லை. பக்கத்தில் ஐரிஷ் இருக்கிறது, கடமை முடிந்தது.

சட்டத்தின் அமைப்பும் இதற்கு உடந்தை. 2003 மொழிச் சட்டத்தின் கீழ் 2008-இல் வந்த விதிகள் பெயர்ப்பலகைகளுக்கும், கடிதத் தலைப்புகளுக்கும், பதிவுசெய்த ஒலி அறிவிப்புகளுக்கும் கறாரானவை. பலகையில் ஐரிஷ் முதலில் வர வேண்டும், எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. இணையதளம் அந்த மூன்றிலும் சேராது. அளவுகோல் எழுத்தின் உயரத்தைப் பார்க்கிறது, வரிசையைப் பார்க்கிறது. உள்ளே எழுதியிருப்பது மொழிதானா என்று பார்ப்பதற்கு அளவுகோல் கிடையாது.

சட்டையில் ஒரு தடயம்

இயந்திரம் எப்படித் தவறுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க அரசுத் தளத்தைவிடச் சின்ன மாதிரி ஒன்று வசதி. சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் சிரிப்பாய்ச் சிரித்த ஒரு டி-ஷர்ட். அமெரிக்கக் காவல்துறையினருக்கு ஆதரவான 'ப்ளூ லைவ்ஸ் மேட்டர்' (நீலச் சீருடை உயிர்களும் முக்கியம்) முழக்கத்தை, ஐரிஷ் வம்சாவளிக் காவலர்களுக்காக ஐரிஷ் மொழியில் அச்சிட்டிருந்தார்கள். சட்டையில் இருந்த மூன்று சொற்கள்: 'கொரம் ஹோனீ ஆவர்'.

கொரம் என்றால் நீலம். சரி. ஹோனீ? ஆங்கிலத்தின் 'லைவ்ஸ்' உயிர்கள் என்ற பெயர்ச்சொல்லாகவும் இருக்கலாம், வசிக்கிறான் என்ற வினையாகவும் இருக்கலாம். இயந்திரம் வசிப்பதை எடுத்துக்கொண்டது. ஆவர் என்பதோ பாடப்பொருள், விஷயம் என்ற பெயர்ச்சொல். 'மேட்டர்' என்பதை வினையாகப் படிக்கவே இல்லை. ஆக, சட்டையில் இருப்பது 'நீலம் வசிப்பு விஷயம்' என்பது போன்ற ஒன்று. வினையே இல்லை.

எனக்கு இதில் மிகப் பிடித்தது நடுச்சொல். அகராதியில் அது 'கோனீ'. சட்டையில் 'ஹோனீ' என்று முதலெழுத்து மென்மையாகி வந்திருக்கிறது. சும்மா அப்படி ஆகாது, முன்னால் வரும் சொல் ஏதாவது அப்படி ஆக்க வேண்டும். 'அவன் வசிக்கிறான்' என்பதற்கு ஐரிஷில் 'தா ஷே இனா ஹோனீ' என்பார்கள். அவன் தன் வசிப்பில் இருக்கிறான் என்பது அதன் கட்டு. 'அவனுடைய' என்ற சொல் உள்ளே இருப்பதால் கோனீ ஹோனீயாகிறது. புள்ளியியல் முறையில் இயங்கிய பழைய இயந்திரங்கள், ஒரே செய்தி இரு மொழியிலும் உள்ள இணை உரைகளைக் குவித்து, எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே எந்த ஐரிஷ் சொல் அடிக்கடி நிற்கிறது என்று எண்ணின. 'லைவ்ஸ்' வரும் இடங்களில் எதிரே நின்றது 'ஹோனீ'. வேரோடு பிடுங்காமல் கிளையை ஒடித்து எடுத்தது போல, வேறொரு வாக்கியத்தின் இலக்கணம் ஒட்டிக்கொண்டபடியே அந்தச் சொல் சட்டைக்கு வந்து சேர்ந்தது. அகராதியைப் புரட்டித் தப்பு செய்கிற மனிதர் 'கோனீ' என்றுதான் எழுதியிருப்பார்.

கடைசியாக ஒரு குரூர நகைச்சுவை. ஐரிஷில் மனிதரைப் பற்றிச் சொல்லும்போது 'கொரம்' நீலத்தைக் குறிப்பதில்லை. 'நீல மனிதர்' என்றால் கருப்பினத்தவர். கருப்பினத்தவரின் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' முழக்கத்துக்கு எதிர்ப்பாட்டாக எழுந்த முழக்கம், ஐரிஷ் கண்ணுக்கு அவர்களையே முதல் சொல்லில் அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறது.

தமிழ் வாசகருக்கு ஒரு சிறு இலக்கணம்

'படகு' என்பதற்கு ஐரிஷில் பாட். 'அ வாட்' என்றால் அவனுடைய படகு. 'அ பாட்' என்றால் அவளுடைய படகு. 'அ மாட்' என்றால் அவர்களுடைய படகு. உடைமையைச் சொல்லும் 'அ' மூன்றிலும் ஒன்றேதான். படகு யாருடையது என்பது அடுத்த சொல்லின் தலையெழுத்தில் இருக்கிறது. நமக்கு வல்லினம் மிகுவதும் மிகாமல் போவதும் பெரும்பாலும் பிழைதிருத்துநர் பார்த்துக்கொள்ளும் சங்கதி. அங்கே ஓர் எழுத்து நழுவினால் படகு கைமாறிவிடும்.

விசித்திரம் என்னவென்றால், ஆங்கிலத்திலிருந்து போகும் இயந்திரத்துக்குக் கடினமாக இருக்கும் சில இடங்கள் தமிழருக்குச் சொந்த வீடு போல இருக்கும். ஐரிஷில் 'வைத்திருக்கிறேன்' என்று உடைமையைச் சொல்ல தனி வினை கிடையாது. 'தா அரிகிட் அகம்' என்றால் 'என்னிடம் பணம் இருக்கிறது', சொல்லுக்குச் சொல். நான் ஆசிரியர் என்பதற்கும் நான் சோர்வாக இருக்கிறேன் என்பதற்கும் ஆங்கிலம் ஒரே வினையை வைத்துச் சமாளிக்கும். ஐரிஷ் இரண்டையும் இரண்டு விதமாகக் கட்டும், நாமும் அப்படியே. மனிதர்களை எண்ணுவதற்கு அங்கே தனி எண்ணுப்பெயர்கள் உண்டு: பெர்ட், ட்ரூர், கெஹரர். நம்முடைய இருவர், மூவர், நால்வர்தான். ஆங்கிலத்தில் படகையும் பெண்களையும் ஒரே 'த்ரீ' எண்ணிவிடுவதால், ஐரிஷுக்குள் வரும்போது பெண்களைப் படகுகள் போல எண்ணிவைப்பது இயந்திரத்தின் வழக்கமான சறுக்கல்.

ஆம், இல்லை என்ற சொற்களும் ஐரிஷில் கிடையா. 'வந்தானா?' என்றால் 'வந்தான்' என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி என்னவென்று தெரியாமல் 'யெஸ்' என்ற ஒற்றைப் பொத்தானை மொழிபெயர்க்கவே முடியாது. பொதுவாக்கெடுப்புச் சீட்டுகளில் 'இருக்கிறது', 'இல்லை' என்ற பொருளுள்ள தா, நீல் என்ற சொற்களை வைத்து வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஆனால் இணையதளத்தின் பட்டிகளும் பொத்தான்களும் இயந்திரத்திடம் துண்டு துண்டாகப் போகின்றன. சுற்றுப்புறமே இல்லாத சொற்கள்.

தீனி போதாத இயந்திரம்

கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஐரிஷ் 2009-இல் சேர்ந்தது. எந்த இயந்திரமும் படித்துக் கற்க இணை உரை வேண்டும். ஐரோப்பிய மொழிகளுக்கு அந்தக் காலத்துப் பெருந்தீனி ஐரோப்பிய நாடாளுமன்ற விவாதங்களின் தொகுப்பு. பிரெஞ்சு–ஆங்கிலத்துக்கு மட்டும் அதில் சுமார் 20 லட்சம் வாக்கிய இணைகள். 21 மொழிகள் கொண்ட அந்தத் தொகுப்பில் ஐரிஷ் இல்லை. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் 1973-இல் அயர்லாந்து சேர்ந்தபோது, ஐரிஷ் உடன்படிக்கை மொழியாக, அதாவது அடிப்படை உடன்படிக்கைகளுக்கான மொழியாக மட்டும் வைக்கப்பட்டது. 2007-இல் அதிகாரபூர்வ மொழியானது, ஆனால் மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டிப் பெரும்பகுதி ஆவணங்களுக்கு விலக்கு. முழுத் தகுதி கிடைத்தது 2022 ஜனவரி 1 அன்று.

ஆகவே இயந்திரம் படித்த ஐரிஷில் சட்டமும் ஒழுங்குமுறையும் அதிகம், சமையலறையும் சந்தையும் குறைவு. மீன்பிடி ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்டால் கம்பீரமாகப் பேசும். பாட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதச் சொன்னால் அரசாணை வாசிக்கும். போதாதற்கு மன்ஸ்டர், கோனாக்ட், அல்ஸ்டர் என்று மூன்று பெரிய வட்டார வழக்குகள். 1958-இல் வகுத்த அரசுத் தரவழக்கு ஒன்று இவற்றுக்கு மேலே. மூன்றையும் கலந்தடித்தால் ஊரில்லாத ஐரிஷ் வரும்.

இங்கே ஒரு திருப்பம். இணையதளச் சம்பவம் நடந்த அதே கால வாக்கில், அதே கலை, பாரம்பரியம் மற்றும் கேல்டாக்ட் துறையின் பணத்தில், டப்ளின் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐரிஷுக்கென்று ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் டாபதோர். துறையின் சொந்த மொழிபெயர்ப்பாளர்களின் மேசைக்காகவே செய்தது. துறையின் பழைய மொழிபெயர்ப்புகளையே தின்று வளர்ந்தது. அது முதல் வரைவைப் போட்டுக் கொடுக்கும், மொழிபெயர்ப்பாளர் திருத்துவார். அந்த ஏற்பாடு பயன் தந்தது. அதே குழுவினர் 2018-இல் செய்த ஒப்பீட்டில், புதிதாக வந்த நரம்பியல் வலைப்பின்னல் முறை, கிடைத்த கொஞ்ச தரவை வைத்து, பழைய புள்ளியியல் முறையை வெல்லவில்லை என்பதும் தெரிந்தது. பெரிய மொழிகளில் வாகை சூடிய முறை சிறிய மொழிக்கு வந்தவுடன் தானாக வெல்லாது.

ஆக, ஒரே துறையின் நிழலில் இரண்டு விதமாக இயந்திரம் நடமாடியிருக்கிறது. ஒன்றின் முடிவில் ஐரிஷ் வாசகர் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்றின் முடிவில் 'வெளியிடு' பொத்தான் இருந்தது. இயந்திரத்தின் தரத்தைவிட இந்த வித்தியாசமே பெரிது என்பது என் கணிப்பு. ஐரிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது இயந்திரம் உளறினால், படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். ஐரிஷுக்குள் போகும்போது பெரும்பாலும் அதை இயக்குகிறவருக்குத் தான் என்ன வாங்கினோம் என்றே தெரியாது. ஐரிஷ் வாசகம் ஒன்றைப் பச்சை குத்திக்கொண்டவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் கையிலிருப்பது தப்பு என்று அறிவது இந்த வகை.

வாசித்தார்கள், மாற்றினார்கள்

ஐரிஷ் உரையை யாராவது உண்மையிலேயே வாசித்தால் என்ன நடக்கும்? அதற்கும் சாட்சி இருக்கிறது, அதே அரசிடமிருந்து, நான்கு மாதம் தள்ளி.

அயர்லாந்து அரசியலமைப்பில் ஐரிஷ் முதல் அதிகாரபூர்வ மொழி. இரு மொழி வாசகங்களும் முரண்பட்டால் ஐரிஷ் வாசகமே செல்லும். வெறும் அலங்காரமில்லை இது. குடியரசுத் தலைவருக்கான வயது வரம்பில் ஆங்கில வாசகம் 'வயதின் முப்பத்தைந்தாவது ஆண்டை எட்டிய' என்கிறது. கணக்குப் பார்த்தால் 34-வது பிறந்தநாளிலேயே முப்பத்தைந்தாவது ஆண்டு தொடங்கிவிடுகிறது. ஐரிஷ் வாசகமோ முப்பத்தைந்து ஆண்டுகள் முழுதாக நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. ஓராண்டு வித்தியாசம், வெல்வது ஐரிஷ்.

2015 தொடக்கத்தில் ஒருபாலினத் திருமண உரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தத்தின் வாசகம் வெளிவந்தபோது, ஐரிஷ் வடிவத்தைப் படித்த சிலர் புருவம் உயர்த்தினார்கள். 'இருவர், அவர்கள் ஆண்களாயினும் பெண்களாயினும்' என்ற பாணியில் இருந்தது அது. இரண்டு ஆண்கள் அல்லது இரண்டு பெண்கள் மட்டும் என்று பொருள்கொள்ள இடமிருக்கிறதே, அப்படியானால் ஆண்–பெண் திருமணத்தின் கதி என்ன என்று கேள்வி வந்தது. கேலிக்குரிய வாசிப்பு என்று சிலர் தள்ளினார்கள். அரசு தள்ளவில்லை. மார்ச் மாதம் ஐரிஷ் வாசகத்தை மாற்றி, 'பால் வேறுபாடு பாராமல் இருவர்' என்ற பொருள்பட அமைத்தது. மே 22 அன்று வாக்கெடுப்பு நடந்து திருத்தம் நிறைவேறியது. முந்தைய வடிவத்தை எழுதியதும் மனிதர்களே என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிழை இயந்திரத்தின் ஏகபோகமில்லை. வாக்கியத்தின்மேல் சட்டத்தின் கண் இருந்தது, வழக்கறிஞரின் கண் இருந்தது, எதிர்த்தரப்பின் கண் இருந்தது. எனவே பிழை வாக்கெடுப்புக்கு முன்பே பிடிபட்டது.

இப்போது

2014-இன் உளறல் ஒருவகையில் நேர்மையானது. ஐரிஷ் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் முதல் வரியிலேயே ஏதோ கெட்டுப்போயிருப்பது உறைத்தது. இன்றைய நரம்பியல் இயந்திரங்களும் பெருமொழி மாதிரிகளும் (சாட்ஜிபிடி போன்றவை) அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. வாக்கியம் வழவழவென்று ஓடும், முதலெழுத்து மாற்றங்களும் பெரும்பாலும் சரியாக இருக்கும். உள்ளே ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு ஐரிஷ் சட்டை மாட்டியிருக்கும். ஐரிஷ்காரர்கள் இதற்கு 'பேர்லகஸ்' என்று ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தனம் என்று பொருள். ஒரு 'இல்லை' தவறிப் போயிருக்கலாம், ஒரு கலைச்சொல் தேசியக் கலைச்சொல் தரவுத்தளத்தில் உள்ளதற்கு மாறாக இருக்கலாம். இவற்றைப் பிடிக்கப் பள்ளிக்கூட ஐரிஷ் போதாது. இயந்திரம் தேறத் தேற, அதைச் சரிபார்க்கும் வாசகருக்கு இன்னும் கூடுதல் தேர்ச்சி வேண்டியிருக்கிறது.

அதே வேளையில் தேவைப்படும் உரையின் அளவும் ஏறுகிறது. 2021-இல் திருத்திய மொழிச் சட்டம், பொது நிறுவனங்கள் தங்கள் விளம்பரங்களில் குறைந்தது 20 சதவீதம் ஐரிஷில் செய்ய வேண்டும் என்கிறது. புதிதாக வேலைக்கு எடுப்பவர்களில் 20 சதவீதம் பேர் ஐரிஷ் தேர்ச்சி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற இலக்குக்கு 2030 வரை தவணை. இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. விளம்பரம் உடனே வேண்டும், வாசிக்கத் தெரிந்த ஊழியர் மெதுவாக வருவார். நடுவிலுள்ள ஆண்டுகளில் ஒரு சிறிய மாவட்ட அலுவலகத்தின் தகவல் தொடர்புப் பிரிவு நாளை மறுநாள் போக வேண்டிய விளம்பரத்தை எதில் போட்டு எடுக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதுமில்லை. ஐரிஷ் மொழி வளர்ச்சிக்கான அரசு அமைப்பான ஃபோரஸ் ந கேல்கெ தேர்வு வைத்து மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தரச்சான்று முத்திரை கொடுக்கிறது. சான்று பெற்றவர்களின் பட்டியல் எவரும் பார்க்கக் கிடைக்கிறது. இயந்திரத்தின் வரைவை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். டாபதோர் மேசையில் நடந்தது அதுதான். அலுவலகம் செய்ய வேண்டியது, எந்த ஐரிஷ் பக்கமும் வெளியே போகும்முன் அதை முழுக்கப் படித்தவரின் பெயரைக் கோப்பில் எழுதிவைப்பது. 2014 நவம்பரில் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், அது காலியாக இருப்பதை யாராவது ஒரு குமாஸ்தா கவனித்திருப்பார்.